கடல் உரிமைக்கு ஊரே சேர்க்கும் ஆதாரம்: நோட்டுப் புத்தகமா, கைப்பேசியா, வெளியார் கணக்கெடுப்பா?

மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிக் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி அரசு ஆவணங்களில் தேடினால் அகப்படுவது மிகக் கொஞ்சம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் உள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. அந்தப் பூங்காவுக்கு எல்லைக்கோடு உண்டு, தீவுகளின் பெயர்ப் பட்டியல் உண்டு. குருசடையிலும் முயல் தீவிலும் முல்லித் தீவிலும் அதற்கு முன்பிருந்தே இறங்கிப் பாசி பறித்தவர்கள் யார், எத்தனை பேர், எந்த மாதங்களில் என்பதற்கு ஏடு இல்லை. உரிமை கேட்டுப் போகும்போது மட்டும் 'ஆதாரம் இருக்கா?' என்ற கேள்வி தவறாமல் வருகிறது.

ஆதாரத்தை ஊரே சேர்ப்பது என்று முடிவெடுத்துவிட்ட மீனவர், பாசி எடுப்போர் சங்கங்களுக்காக இதை எழுதுகிறேன். எப்படிச் சேர்ப்பது என்பதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன. தினமும் நோட்டில் எழுதலாம். கைப்பேசிச் செயலியில் இடங்களைக் குறிக்கலாம். பெரியவர்களின் வாக்குமூலத்தைப் பதியலாம். பல்கலைக்கழகமோ தொண்டு நிறுவனமோ நடத்தும் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூங்காவை ஒட்டிய ஊர்கள் வாக்குமூலத்திலும் நோட்டிலும் தொடங்க வேண்டும்; கைப்பேசி வரைபடத்தைக் கரையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பாக் நீரிணைப் பக்கத்து ஊர்களுக்கு என் பதில் வேறு. காரணங்களைக் கீழே சொல்கிறேன்.

மற்ற கடல்களில் நடந்தது

கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் மக்கள் 1970களில் வேட்டைக்காரர் ஒவ்வொருவரிடமும் தன் வாழ்நாளில் வேட்டையாடிய, மீன்பிடித்த, பொறி வைத்த இடங்களை வரைபடத்தில் குறித்து வாங்கினார்கள். அந்தத் தொகுப்பு 1976இல் வெளியானது. 1993இல் முடிந்த நில ஒப்பந்தத்துக்கும், 1999இல் பிறந்த நுனாவுட் பிரதேசத்துக்கும் அது அடித்தளமாக இருந்தது.

ஆஸ்திரேலியாவின் யோல்ங்கு மக்கள் கதை நமக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது, ஏனென்றால் அது கடலைப் பற்றியது. 1990களில் தங்கள் புனித இடத்தில் சட்டவிரோத மீன்பிடி முகாம் ஒன்றைக் கண்டதும், எந்தக் கடல் எந்தக் குலத்துக்கு உரியது என்பதை 80 மரப்பட்டை ஓவியங்களாகத் தீட்டினார்கள். 2008இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அவர்களின் நிலத்தின் மேல் ஏறி இறங்கும் அலைநீருக்குள் மீன்பிடிக்க அவர்கள் அனுமதி வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஈக்வடாரின் வாவொரானி மக்கள் தங்கள் காட்டைத் தாங்களே வரைந்தார்கள். 2019இல் எண்ணெய் ஏலத்துக்கு எதிரான வழக்கில் வென்றார்கள்.

இந்த வெற்றிகளை அப்படியே இங்கே இறக்க முடியாது. பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனத்தை ஐ.நா. பொதுச்சபை 2007இல் ஏற்றபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆனால் நாட்டு மக்கள் எல்லோருமே பூர்வகுடிகள்தான் என்பது அரசின் நிலைப்பாடு. நம் கரையின் மீனவர் சமுதாயங்களில் பெரும்பாலானவை பட்டியல் பழங்குடிப் பிரிவிலும் இல்லை. ஆகவே இங்கே தட்ட வேண்டிய கதவுகள் வேறு. ஒன்று 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். பழங்குடியினரோடு 'இதர பாரம்பரிய வனவாசிகளையும்' அது ஏற்கிறது, நீர்நிலைகளின் மீன் முதலான விளைபொருள்கள் மீதான சமூக உரிமையையும் சொல்கிறது, தேசியப் பூங்காவுக்கும் பொருந்துகிறது. இரண்டாவது, கரையில் எங்கே எதை அனுமதிக்கலாம் என்று வகுக்கும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. மூன்றாவது, 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியிருப்பது இந்தச் சட்டம்தான்.

முதல் கதவு 'எவ்வளவு காலமாக?' என்று கேட்கும். இரண்டாவது 'எந்த இடம்?' என்று கேட்கும். மூன்றாவது 'என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்தப் படகு?' என்று கேட்கும். செயலியைத் தேடுவதற்கு முன்னால் எந்தக் கதவு என்று முடிவாக வேண்டும். இது முடிவாகாமல் ஆயிரம் படிவம் நிரப்பினாலும் எந்த அதிகாரியிடமும் அது பேசாது.

நோட்டுப் புத்தகம்

எளிய வழி, ஆனால் கை தளராமல் நடத்துவது கடினம். தேதி, கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர், என்ன பாசி, ஈர எடை, காய்ந்த எடை, வியாபாரி தந்த விலை, தடுத்தவர் யாராவது உண்டா, காற்று எப்படி. இவ்வளவு போதும். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று தங்கள் வாயில் வரும் பெயரிலேயே எழுதலாம்; அறிவியல் பெயரை மண்டபம் ஊரில் உள்ள கடல் ஆய்வு நிலையங்களில் பின்னால் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.

அன்றன்று எழுதியதற்கு இருக்கும் கனம் பின்னால் நினைவிலிருந்து எழுதியதற்கு வராது. இன்னொரு பலனும் உண்டு. பாசி எடுப்பவர்கள் பவளத்தை அழிக்கிறார்கள் என்பது பழைய குற்றச்சாட்டு. மாதத்துக்கு 12 நாள் மட்டும் எடுப்பது, உலோகச் சுரண்டிகள் கூடாது என்று இந்தப் பெண்கள் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தது. கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்கிறோம் என்று வாயால் சொல்லலாம். மூன்று ஆண்டு நோட்டில் மாதம் 12 நாளுக்கு மேல் பதிவே இல்லை என்று காட்டினால், குற்றம் சொன்னவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பழைய ஆதாரம் வேண்டுமென்றால் வியாபாரியின் சிட்டைகளைப் பாருங்கள். பாசி கரையில் எடை போடப்பட்டு மதுரைப் பக்கத்து அகர் (பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்) ஆலைகளுக்குப் போகிறது. யார், என்றைக்கு, எத்தனை கிலோ என்ற கணக்கு அந்தச் சிட்டையில் இருக்கிறது. ஆனால் முன்பணக் கடனும் அதே தாளில்தான் இருக்கும். ஒரு பெண்ணின் உழைப்புக்குச் சான்றான தாள் அவள் கடனையும் ஊருக்குச் சொல்லிவிடும். அதனால் எடை, தேதி வரிகளை மட்டும் படியெடுத்து, வியாபாரியிடம் கையெழுத்து வாங்கி வைப்பதுதான் அந்தப் பெண்களுக்கு மரியாதை. இதை யாரும் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். ஒரு சங்கம் உடைய இவ்வளவு போதும்.

குறைகளும் உண்டு. விடிகாலையில் இறங்கி, துணி சுற்றிய விரலால் பாறையில் பாசி பறித்து, கரையேறிக் காயவைத்த பிறகு எழுதும் தெம்பு யாருக்கு இருக்கும்? எழுதத் தெரிந்த மகளோ மருமகளோ தலையில்தான் அது விழும். அவளுக்குச் சங்கத்திலிருந்து ஒரு தொகை கொடுங்கள். 'நம்ம பிள்ளைதானே எழுதுது' என்று விட்டால், எழுத்து சில மாதத்தில் நின்றுபோகும்.

கைப்பேசி வரைபடம்

இளைஞர்கள் முதலில் தாவுவது இதற்குத்தான், அதில் தப்பில்லை. படிவம் நிரப்பி விவரம் சேர்க்கும் கோபோ டூல்பாக்ஸ் இலவசம், சிக்னல் இல்லாத இடத்திலும் பதியும். பிறகு சேகரித்தது ஒரு சர்வருக்குப் போகும். வாவொரானி மக்கள் பயன்படுத்திய மேப்பியோ (இப்போது கோமேப்பியோ) என்ற வரைபடச் செயலி வேறு மாதிரி. இணையமே இல்லாமல் கைப்பேசிக்குக் கைப்பேசி பகிர்ந்துகொள்ளும், நடுவில் சர்வர் தேவையில்லை. இரண்டில் ஒன்று என்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

கரையைக் குறிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. கடற்கரை அறிவிக்கையின்படி மீனவ ஊர்கள், படகு நிறுத்தும் இடம், மீன் காயவைக்கும் களம், பொதுப் பயன்பாட்டு நிலம் எல்லாம் சர்வே எண் தெரியும் அளவிலான வரைபடத்தில் வர வேண்டும். அரசு வெளியிட்ட வரைவு வரைபடங்களில் இவை விடுபட்டிருப்பதாகத் தமிழகக் கடற்கரை நெடுக மீனவர்கள் ஆட்சேபித்தார்கள். எண்ணூரில் கழிமுகத்தையே விட்டுவிட்ட வரைபடம் ஒன்று வந்தபோது, 1996இல் ஒப்புதல் பெற்ற பழைய வரைபடத்தைக் கையில் பிடித்துத்தான் வாதாட முடிந்தது. பாசி காயும் மணல், கரைவலை இழுக்கும் இடமான பாடு, கடலுக்கு இறங்கும் பாதை என்று நம் ஊரைச் சுற்றி நடந்து ஜிபிஎஸ் புள்ளி வைத்தால், அடுத்த வரைவு வரும்போது 'இங்கே ஒன்றுமில்லை' என்று யாரும் எழுத முடியாது.

கடலுக்குள் போனால் கதை மாறுகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியில்லாமல் தேசியப் பூங்காவுக்குள் நுழைவதே குற்றம். அப்படியானால் முல்லித் தீவுக்குத் தெற்கே, இன்ன தேதியில், இன்னார் கைப்பேசியிலிருந்து விழுந்த புள்ளி எதற்கு ஆதாரம்? உரிமைக்கு என்று நாம் நினைக்கிறோம். வழக்குப் போட வருபவருக்கு அது தேதியும் இடமும் போட்ட ஒப்புதல் வாக்குமூலம். பூங்காப் பக்கத்து ஊர்கள் செயலியைக் கரையோடு நிறுத்த வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். வழக்கும் படகுப் பறிமுதலும் வாழ்வோடு விளையாடும் இடத்தில், ஆர்வத்தில் பதிந்த ஒரு புள்ளி ஒரு குடும்பத்தைக் கோர்ட்டுக்கு அலையவைக்கும்.

கைப்பேசியில் எடுக்கும் படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு பதிந்துவிடும் என்பதும் பலருக்குத் தெரியாது. கேமரா அமைப்பில் அதை அணைத்துவிட்டுப் பிறகு கடலுக்குப் போகச் சொல்லுங்கள். கடலட்டையின் எல்லா வகைகளும் 2001இலிருந்து சட்டம் பாதுகாக்கும் உயிர்கள். அது கிடைத்ததென்று நோட்டில் எழுதுவதும் படமெடுத்து வைப்பதும் இதே ஆபத்துதான். வழக்கு பயம் இல்லாத நாளிலும் இன்னொன்று இருக்கிறது: நல்ல பாசி விளையும் பார் (கடலடிப் பாறைத்திட்டு) எங்கே என்பது அந்த ஊரின் சொத்து. வரைபடத்தில் ஏறியதும் அது யார் சொத்தும் ஆகலாம்.

பெரியவர்களின் வாக்குமூலம்

வன உரிமை விதிகள் எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம் 13ஆம் விதி. அரசு ஆவணம், வரைபடம் ஆகியவற்றோடு, முதியவர்கள் சொன்னதை எழுத்தில் எடுத்த வாக்குமூலத்தையும் அது சான்றாக ஏற்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும், முதியவர் உரிமை கோருபவராக இருக்கக் கூடாது. ஊரே கோரும்போது ஊர்ப் பெரியவர் எல்லோருமே கோருபவர் ஆகிவிடுவார்களே என்ற சிக்கல் வரலாம். பக்கத்து ஊர்ப் பெரியவர்களிடமும் சேர்த்து வாங்கிவிடுங்கள். அவர்களும் அதே தீவில் இறங்கியவர்கள்தானே.

இந்தச் சட்டத்தில் கவனமாகத் தாண்ட வேண்டிய பள்ளம் ஒன்று உண்டு. இதர பாரம்பரிய வனவாசி என்றால் 2005 டிசம்பர் 13க்கு முந்தைய மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு. கணக்குப் பார்த்தால் 1930க்குப் போக வேண்டும். பாசி வியாபாரம் அவ்வளவு பழையது அன்று. எனவே பெரியவர்களிடம் 'எப்போதிருந்து பாசி எடுக்கிறீர்கள்?' என்று மட்டும் கேட்டால், அவர்கள் உண்மையாகச் சொல்லும் பதிலே உரிமைக்கு எதிராகப் போகும். மீனுக்குப் போனது, சங்கு குளித்தது, விறகு எடுத்தது, புயலுக்குப் படகை ஒதுக்கித் தீவில் தங்கியது, தோண்டிய ஊற்றில் நல்ல தண்ணீர் குடித்தது எல்லாவற்றையும் கேட்க வேண்டும். அப்பாவும் தாத்தாவும் சொன்னதைக் கேட்டு வைத்திருப்பார்கள். அதையும் யார் சொன்னது என்று குறித்து எழுதலாம். காட்டுக்குள்ளேயே குடியிருக்க வேண்டியதில்லை, பிழைப்புக்கு அதை நம்பியிருந்தால் போதும் என்று பழங்குடியினர் நல அமைச்சகம் 2008இல் விளக்கம் தந்ததையும் மனுவில் சேர்க்க வேண்டும்.

இந்த வேலைக்குக் காலம் குறைவு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது 20 வயதாக இருந்தவர்களுக்கு இன்று 80 தாண்டிவிட்டது. அங்கிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களின் தாள்கள் கடலோடு போய்விட்டன. அவர்களுடைய பழைய வாழ்வுக்கு மிஞ்சியிருக்கும் ஆவணம் அவர்கள் நினைவு மட்டும்தான். நோட்டை அடுத்த ஆண்டு தொடங்கலாம், செயலியை அதற்கடுத்த ஆண்டும் கற்கலாம். இதை ஒத்திப்போட முடியாது. பேத்திகள் கேட்கட்டும். கோபுரத்தையும் பனையையும் ஒரே கோட்டில் வைத்துப் பார் இருக்கும் இடத்தை அப்பா கண்டுபிடித்த விதம், வாடைக் காற்றிலும் சோழகக் காற்றிலும் எந்தப் பக்கம் இறங்கினார்கள் என்பது, இதெல்லாம் பேத்தி கேட்டால் தானாக வரும். வெளியூர் ஆள் படிவத்தோடு உட்கார்ந்தால் வராது. குரலைப் பதிந்து, எழுதி, படித்துக் காட்டி, கைநாட்டோ கையெழுத்தோ வாங்குங்கள்.

தீவுக்குப் போனோம் என்பது இங்கேயும் ஒப்புதல்தானே என்று கேட்கலாம். வேறுபாடு இருக்கிறது. பூங்கா வருவதற்கு முந்தைய பயன்பாட்டைச் சொல்வது குற்ற ஒப்புதல் ஆகாது, அது உரிமைக் கோரிக்கையின் அடிப்படை. கிராம சபைத் தீர்மானத்தோடு, சட்டம் சொல்லும் படிவத்தில் அது போகிறது. சரிபார்ப்பு முடியும்வரை வன நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்று வன உரிமைச் சட்டத்தின் 4(5) பிரிவு சொல்கிறது. ஆனால் அது கையில் வைத்திருக்கும் நிலத்தை மனதில் கொண்டு எழுதப்பட்டது. கடலில் பாசி எடுப்பதற்கும் அதே காப்பு உண்டா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

வெளியார் கணக்கெடுப்பு

இதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பல ஊர்களை ஒப்பிட முடியும், அறிக்கைக்கு மதிப்பு இருக்கும், செலவும் அவர்களுடையது. பூர்வகுடி அமைப்புகள் 11 நாடுகளில் நடத்திய 'இண்டிஜினஸ் நேவிகேட்டர்' போன்ற திட்டங்கள், ஐ.நா. பிரகடனத்தின் பிரிவுகளை ஊர் மக்களே பதில் சொல்லும் கேள்விகளாக மாற்றிக் காட்டின. அந்தக் கேள்விகளை நம் சங்கங்களும் படித்துப் பார்ப்பது நல்லது. பெரும்பாலான கணக்கெடுப்புகளில் விவரம் ஊரைவிட்டுப் போகும், அறிக்கை ஆங்கிலத்தில் வரும், கேட்டவர் திரும்பி வரமாட்டார். தமிழ்ப் பிரதி, மூலப் பதிவின் நகல், வெளியிடுமுன் ஊரின் சம்மதம் ஆகிய மூன்றும் எழுத்தில் கிடைத்தால் ஒப்புக்கொள்ளலாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனி ஆளின் விவரத்தைத்தான் காக்கிறது. ஊரின் கூட்டு அறிவைக் காக்க இந்த எழுத்து ஒப்பந்தம்தான் உண்டு.

மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று இன்னொன்று இருக்கிறது, 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சிகளில் வைக்க வேண்டியது. இந்தக் கரையில் வளர்த்த பாசியை ஏற்றுமதி செய்ததற்காகப் பெப்சிகோ நிறுவனம் தேசிய பல்லுயிர் ஆணையத்துக்கு ராயல்டி கட்டியதுண்டு. வருமானப் பங்கு கேட்க இது உதவும். கடலுக்குள் இறங்கும் உரிமைக்கு உதவாது.

எந்த ஊருக்கு எது

பாம்பன் தெற்குக் கரை, வேதாளை, பெரியபட்டினம், ஏர்வாடி போன்ற மன்னார் வளைகுடா ஊர்களுக்கு முதலில் வாக்குமூலம், கூடவே நோட்டு, பிறகு கரை வரைபடம். தொண்டி, மோர்ப்பண்ணை, தேவிபட்டினம் பக்கம் பூங்கா இல்லை. அங்கே நாட்டுப்படகுக்காரர்களின் பெரிய வேதனை மூன்று கடல்மைலுக்குள் வந்து வலையை அறுத்துப் போகும் விசைப்படகு. அதற்கு இடமும் நேரமும் பதிந்த கைப்பேசிப் படம்தான் வேண்டும். கரைக்கு வந்து எழுதும் நோட்டு போதாது. ஆனால் அந்த விசைப்படகு மச்சான் படகாகவும் இருக்கலாம். யார் படத்தை யாரிடம் கொடுப்பது என்பதை ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்யாமல் தொடங்கினால், ஆதாரம் சேருமுன் ஊர் பிரியும். அதே கரையின் வலமாவூரில் 2023இல் பாசி வளர்ப்புப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. ஆழமில்லாத கரைக்கடலில் பாசி வளர்க்கும் மிதவைகள் கூடும்போது, முன்பு அங்கே வலை விட்டவர் யார் என்ற கேள்வி வரும். அதற்கான கணக்கை இப்போதே எழுத வேண்டும்.

எந்த வழியானாலும் மூலப் பதிவு ஊருக்குள் இருக்கட்டும். பொதுவில் காட்டுவதற்கு ஒரு பிரதி, காட்டாமல் வைப்பதற்கு ஒரு பிரதி என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள். இரண்டாவதன் பெட்டிச் சாவி குறைந்தது மூன்று பெண்களின் பொறுப்பில் இருக்க வேண்டும். தலைவரிடம் மட்டும் கொடுத்தால், தலைவர் மாறும்போது பெட்டியும் போய்விடும்.

கிழக்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14இல் முடிகிறது. விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில் பெரியவர்களோடு உட்கார வீட்டில் ஆள் இருக்கும். மே 1 கிராம சபை அதற்குள்ளேயே வருகிறது. ஏப்ரல் கடைசிக்குள் சில வாக்குமூலங்களாவது எழுதி முடித்தால், உரிமைக் கோரிக்கைகளை வாங்கிச் சரிபார்க்கும் வன உரிமைக் குழுவை அமைக்கும் தீர்மானத்தை அந்தச் சபையிலேயே கொண்டுவரலாம். பேரூராட்சி, நகராட்சி எல்லைக்குள் இருக்கும் குடியிருப்புகளுக்குக் கிராம சபை இல்லை. அவர்கள் மனுவை எந்த அமைப்பின் வழியாக அனுப்புவது என்று இப்போதே வழக்கறிஞரைக் கேட்டு வைக்க வேண்டும்.